டீச்சரின் ரிஸ்க்

"இந்த ஃபண்டை வித்துடுங்க டீச்சர். மூணு வருஷமா கெஞ்சுறேன்."

சேலையூர் கேம்ப் ரோட்டில், மருந்துக்கடை மாடியில் ஜெபகுமாரின் மியூச்சுவல் ஃபண்ட் ஆபீஸ். எதிரே சுந்தரவல்லி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்.

"காரணம்?"

"மார்க்கெட் பத்து சதவீதம் இறங்கினா, இது பதினாலு இறங்குது. மலிவான பங்கா பார்த்துப் பொறுமையா வாங்குவேன்னு ஆரம்பிச்ச மேனேஜர், இப்போ ஏறுற பங்கு பின்னாடியெல்லாம் ஓடுறார். ஸ்டைலே மாறிப்போச்சு."

"சின்ன வயசு. ஓடட்டும் விடுங்க."

"உங்க ரிட்டயர்மென்ட் பணம் டீச்சர்!"

"பத்துக்குப் பதினாலுன்னா பீட்டா ஒண்ணு புள்ளி நாலு. எனக்குத் தெரியாதா? இந்த மாசம் பங்கு வாங்காம ரொக்கமா வச்சிருக்கான், கவனிச்சீங்களா? பயந்திருக்கான். சரியா சாப்பிட்டிருக்க மாட்டான்."

டீச்சர்களுக்கு உலகத்தில் எல்லோரும் 'அவன்'தான் என்று ஜெபகுமார் நினைத்துக்கொண்டார். கணக்கு டீச்சருக்கே கணக்கு புரியவில்லையே என்றும்.

மேனேஜர் மாதாமாதம் எழுதும் ஒரு பக்கக் கடிதத்தை வழக்கம்போல் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு டீச்சர் கிளம்பினார்.

அடுத்த மாதம் ஜெபகுமாரே போன் செய்தார்.

"நல்ல சேதி டீச்சர்! மேனேஜர் மாறியாச்சு. புது ஆள் ரொம்ப நிதானம். இனிமே நீங்க தாராளமா வச்சிருக்கலாம்."

அரை மணி நேரத்தில் டீச்சரே வந்து நின்றார். படியேறிய மூச்சு அடங்கவில்லை.

"எல்லாத்தையும் வித்துடுங்க."

"இப்பவா? நல்லா ஆகப்போற நேரத்துலயா?"

"அனிருத் எந்த கம்பெனிக்குப் போயிருக்கான்னு பாருங்க. அவன் பார்த்துக்கற ஃபண்டுல போடுங்க."

ஜெபகுமார் நிமிர்ந்தார். "பழைய மேனேஜர்... உங்க பையனா டீச்சர்?"

"அவங்கப்பா காரியத்துக்கு வந்துட்டு, என்கிட்ட கோவிச்சுண்டு பம்பாய் போனவன். ஆறு வருஷம் ஆச்சு. போன் எடுக்கறதில்லை."

ஜெபகுமார் கம்ப்யூட்டரில் தேடினார். கிடைத்தது. அதைவிட ரிஸ்க்கான ஃபண்ட்.

"வேண்டாம் டீச்சர். அவர் எழுதற கடிதம் வெப்சைட்லயே இருக்கும். ஒரு ரூபா போடாம யார் வேணா படிக்கலாம்."

"தெரியும்." டீச்சர் பேனாவைத் திறந்தார். "'அன்புள்ள முதலீட்டாளருக்கு'ன்னுதான் ஆரம்பிப்பான். பணம் போடாம படிச்சா, அது யாருக்கோ எழுதின கடிதம்."