மேசைக்கு அடியில் மாதா

படங்களை வணங்குவது பாவம் என்று நகரசபை போட்ட உத்தரவில், ஸூரிக் நகரத்துத் தேவாலயங்களில் மாதா, புனிதர் படங்களையெல்லாம் இறக்கியாயிற்று. வீடுகளில் ஒளிந்திருப்பவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் இப்போது ஹைனியின் வேலை. வெரேனாவின் அடுப்படியில், தொப்பியைக்கூடக் கழற்றாமல், வைத்த சூப்பைத் தொடாமல், மேசையையே முறைத்துக்கொண்டிருக்கிறான்.

“பலகை ஏது?”

“விறகுக்குன்னு கோயில்ல நீங்க வித்ததுதான், ஐயா. ஆறிடப்போகுது, குடிங்க.”

அவள் கையிலிருந்து கரண்டி நழுவுகிறது. எடுக்க மண்டியிட்டவள் எழுந்திருக்கவே காணோம். ஒரு கரண்டிக்கு இவ்வளவு நேரமா? ஹைனியும் மண்டியிட்டுக் குனிகிறான். தரையில் பட்டுத் திரும்பும் ஜன்னல் வெளிச்சத்தில், பலகையின் அடிப்பக்கத்திலிருந்து நீல முக்காட்டு மாதா கீழே பார்த்துக்கொண்டிருக்கிறாள். முகத்தில் பொட்டுத் தூசி இல்லை. பாதத்தில் மட்டும் முத்தம் பட்டுப் பட்டுச் சாயம் போய், வெறும் மரம் பளபளக்கிறது. “மாட்டிக்கிட்டே” என்று சொல்ல வாயைத் திறந்தவனின் கை தலைக்குப் போகிறது. வெரேனா அவனை ஏற இறங்கப் பார்க்கிறாள்.

“சோதனைக்கு வந்தவரு எதுக்கு ஐயா தொப்பியக் கழட்டிட்டீங்க?”