மேலே வந்த கட்டைகள்

கனடாவில் மூன்றாவது குளிர்காலம் முடிந்து வெண்பனி கரைந்தபோது, சிற்சபேசன் தன் கையால் நட்ட வேலிக்கட்டைகள் ஆறும் நாலு விரற்கடை மேலே கிளம்பி, அவருடைய வீட்டு வளவுக்குள் சாய்ந்து நின்றன.

"அவள்தான் அசைச்சுப்போட்டாள்" என்று அளவுநாடாவோடு பக்கத்து வீட்டு மரியாவின் கதவைத் தட்டப் புறப்பட்டார். ஊரில் வேலிக்கு நட்ட கதியால் ஒரு சாண் தள்ளி நின்றதற்காகக் கூடப்பிறந்த தம்பியோடு பதினொரு வருஷம் கோர்ட் படி ஏறியவர். தான் தொடவேயில்லை என்று தம்பி சத்தியம் செய்தும் நம்பவில்லை. அவனுடைய செத்தவீட்டுக்கும் போகவில்லை.

மனைவி நகுலேஸ்வரி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இஞ்சாருங்கோ, மரியான்ர வாசல்படியும் கிளம்பித்தான் நிக்குது. குளிருக்கு மண்ணுக்குள்ள தண்ணி உறைஞ்சு வீங்கி எல்லாத்தையும் தூக்கிவிடுமாம். கட்டையை நாலடி ஆழத்தில தாட்டிருக்கோணும். நீங்கள் ஊரில மாதிரி ஒண்டரை அடியோட விட்டிட்டியள். ஒருத்தரும் தொடேல்லை."

அவர் அளவுநாடாவைக் கீழே வைத்துவிட்டு, சாய்ந்த கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சேரப்பா, எங்கட ஊரிலயும் எப்பவாவது நிலம் உறைஞ்சிருக்குமோ?"

"அந்த வெய்யிலுக்கையோ?"

"ஒரே ஒரு இராத்திரி எண்டாலும்?"