இன்னும் அஞ்சு வருஷம்

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து பல வருடங்களுக்குப் பிறகு ஊர் திரும்பிய செபமாலை, பழைய நண்பன் எட்வேட்டைத் தேடி உப்புக்குளத்துக்கு வந்திருந்தான். விறாந்தையில் கதிரை போட்டு இருவரும் கதைத்தார்கள்.

“முழங்கால் ரெண்டும் தேஞ்சுபோச்சாம். நிண்டு வேலை செய்யக்கூடாது, பென்சன் எடுக்கிறதுதான் நல்லதெண்டு டொக்டர் சொல்லுறார்,” என்றான் எட்வேட்.

“அம்பத்தஞ்சு முடிஞ்சுதுதானே, எடுக்கலாமே?”

“இப்ப எடுத்தால் பென்சன் குறையும். சேமிப்பெல்லாம் மகளின்ர கலியாணத்தோட சரி. இன்னும் அஞ்சு வருஷம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இழுத்தால் நல்லமெண்டு பாக்கிறன்.”

“டேய், கால் போனால் திரும்ப வருமோ? மனுசி ஒண்டும் சொல்லேல்லையோ?”

“அவ ஒண்டும் சொல்லமாட்டா.”

அப்போது படலை திறந்தது. தாதி உடுப்போடு எட்வேட்டின் மனைவி றஞ்சிதா, மதிலைப் பிடித்துப் பிடித்து நொண்டியபடி உள்ளே வந்தாள்.

“செபமாலை அண்ணையோ! இருங்கோ, தேத்தண்ணி கொண்டுவாறன்.”

செபமாலை அவளுடைய கால்களைப் பார்த்தான். பிறகு எட்வேட்டிடம் மெதுவாகக் கேட்டான்.

“அப்ப... நீ இன்னும் கந்தோர் வேலைக்குப் போறனியோ?”

“இவரோ?” றஞ்சிதா முந்திக்கொண்டாள். “நாரி நோவு, குனிஞ்சு நிமிர ஏலாதெண்டு நாப்பத்தெட்டிலேயே வேலையை விட்டிட்டார் அண்ணை. உடம்புதானே முக்கியம், நான் உழைக்கிறன் எண்டு நான்தான் விடச்சொன்னனான்.”

எட்வேட்டால் நிமிர்ந்து நண்பனைப் பார்க்க முடியவில்லை. எழுந்துபோய் அவளுடைய பையை வாங்கினான்.

“நீர் இரும். தேத்தண்ணி நான் போடுறன். நாளைக்கே பென்சனுக்கு எழுதிக் குடும்.”

றஞ்சிதா பதறிப்போனாள்.

“ஐயோ, பாரமான பையப்பா அது! உங்களுக்கு நாரி நோகப்போகுது.”