நூறு வரைக்கும்

ஆயா இசக்கியம்மா கையிலிருந்து சாப்பாட்டுத் தட்டுகள் நழுவி விழுந்த சத்தத்தில் நாலு வயசு ஜெனிஷா மேசைக்கு அடியில் போய்விட்டாள். கண்ணை இறுக மூடி, காதைப் பொத்திக்கொண்டு, ஒன், டூ, த்ரீ என்று முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஷஃபீகா டீச்சருக்கு இது புதுசில்லை. சேரன்மகாதேவியில் அவள் நடத்தும் அந்தச் சின்ன மழலையர் பள்ளியில் கணக்கு என்றால் விளையாட்டுதான். பிள்ளைகள் புளியங்கொட்டையைப் பங்கு வைப்பார்கள். வாசலில் கிடக்கும் செருப்புகளைச் சின்னது, பெரிசு என்று வரிசை கட்டுவார்கள். பத்துக்கு மேல் யாரையும் எண்ணச் சொல்வதில்லை.

ஜெனிஷா மட்டும் நூறு வரை எண்ணுவாள். ஆனால் ஆறு புளியங்கொட்டையை முன்னால் வைத்து எத்தனை என்று கேட்டால் முழிப்பாள்.

"அவ அம்மா கான்வென்ட்டுல படிச்சவல்லா டீச்சர். பிள்ளைய அடுத்த வருசமே கலெக்டராக்கிரணும்னு நிக்கா," என்றாள் இசக்கியம்மா, தட்டுகளைப் பொறுக்கியபடி.

அடித்துத்தான் மனப்பாடம் பண்ண வைக்கிறாள் என்பதில் ஷஃபீகாவுக்குச் சந்தேகமே இல்லை. இல்லாவிட்டால் எண்ணும்போது ஒரு குழந்தை இப்படி நடுங்குமா?

அதனால்தான் முந்தின நாள் சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அப்பா கிங்ஸ்லியிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். தங்கமான மனுஷர். வரும்போதெல்லாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கடலை மிட்டாய் வாங்கி வருவார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் பாத்துக்கிடுதேன் டீச்சர்," என்று சிரித்த முகமாகப் போனார்.

மேசைக்கு அடியில் ஹன்ட்ரட் வந்துவிட்டது. வழக்கமாக அதோடு எழுந்து வந்துவிடுவாள். இன்றைக்கு வரவில்லை. மறுபடியும் ஒன், டூ. மறுபடியும் ஹன்ட்ரட். மூன்றாவது தடவை தொடங்கியபோது ஷஃபீகா போனை எடுத்தாள்.

அரை மணி நேரத்தில் ஜெனிஷாவின் அம்மா பியூலா வந்தாள். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. ஜெனிஷாவை இசக்கியம்மா சோறூட்ட உள்ளே கூட்டிப்போனாள்.

ஷஃபீகா மனசில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். இந்த வயசில் எண்ணிக்கையைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்றாள். இப்படியே போனால் கணக்கு என்ற பேரைக் கேட்டாலே அந்தப் பிள்ளை ஓடும் என்றாள்.

"நேத்துதான் உங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னேன். அந்தக் கோவத்துல ஒரே ராத்திரியில நூறை முந்நூறாக்கிட்டீங்க. பெத்த பிள்ளைகிட்ட அப்படி என்ன வீம்பு?"

"நீங்க சொன்னது தெரியும் டீச்சர். இனிமே அவர்ட்ட எதுவும் சொல்லாதீங்க."

"இன்னைக்கும் வருவார்லா. சொல்லத்தான் போறேன். வீட்டுல எண்ண வைக்கிறதை இன்னையோட நிறுத்துதேன்னு சொல்லுங்க, நான் வாயைத் திறக்கலை."

பியூலா வாசலைப் பார்த்தாள். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நிறுத்த முடியாது டீச்சர்."

"இவ்வளவு சொல்லியுமா?"

"வீட்டுல சத்தம் கேட்டா அவ கட்டிலுக்கு அடியில போயிரணும். கண்ணை மூடி, காதைப் பொத்திக்கிட்டு எண்ணணும். எண்ணி முடிச்ச பிறகுதான் வெளிய வரணும். அப்படித்தான் பழக்கி வச்சிருக்கேன். அவளுக்கு அது விளையாட்டுன்னுதான் சொல்லியிருக்கேன்."

"எதுக்கு இப்படி ஒரு விளையாட்டு?"

"அவர் என்னை அடிக்கிறதை அவ பாக்கக் கூடாதுல்ல."

ஷஃபீகாவும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நூறு வரைக்கும்தான் டீச்சர் நான் சொல்லிக் கொடுத்தது. எப்பவும் அதுக்குள்ள முடிஞ்சிரும்," என்றாள் பியூலா. "நேத்து ராத்திரி நூறு பத்தலை."