மைனரின் கிரீம்

"முகத்துல என்ன பூசிட்டு வந்தீங்க? உண்மையைச் சொல்லுங்க!"

"சத்தியமா ஒண்ணும் பூசல மேடம். சோப்புகூடப் போடல. குளத்துக்குப் போன அன்னிக்கு என் பொண்டாட்டியே கிட்ட வரல."

பரிசோதனைக் கூடத்து வாசலில் ஜீப்பில் சாய்ந்து நின்ற டிரைவரை அவள் நம்பவில்லை. நம்புகிற மாதிரியா இருந்தான்? படிய வாரிய தலை, மடித்துவிட்ட சட்டைக் கை, ஆள் வருவதற்கு முன்னால் வந்துவிடும் சென்ட் வாசனை. ஆபீசில் அவனுக்கு வைத்த பெயரே மைனர்.

விஷயம் இதுதான். விமான நிலையத்தில் தீயணைப்புப் பயிற்சி என்று வருஷக்கணக்கில் அடித்த நுரை, பக்கத்துக் குளத்தில் இறங்கிவிட்டது. அதிலிருக்கும் ரசாயனம் லேசில் அழியாது. அது கோரையில் ஏறி, மீனில் ஏறி, காட்டு வாத்தின் முட்டை வரைக்கும் போயிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. மைனர் ஜீப் ஓட்டுவான், படகு தள்ளுவான், முட்டை எடுக்கும்போது தாய் வாத்திடம் கொத்தும் வாங்குவான்.

இதில் ஒரு சிக்கல். அதே குடும்பத்து ரசாயனம் சில கிரீம்களில், வீட்டுச் சாமான்களில்கூட இருக்கிறது. அதனால் குளத்துக்குப் போகிற அன்றைக்குப் பூச்சு, சென்ட் எதுவும் ஆகாது. துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன பருத்திச் சட்டைதான். கூடவே ஒரு குப்பியில் சுத்தமான வெறும் தண்ணீரும் போகும். அதைக் கரையில் திறந்து, மூடி, திரும்பக் கொண்டுவர வேண்டும். சோதித்தால் அதில் ஒன்றுமே இருக்கக் கூடாது. இருந்தால், அது குளத்துச் சரக்கு இல்லை. போனவர்கள் மேலிருந்து ஒட்டியது.

இந்த முறை இருந்தது. நிறையவே இருந்தது.

"முட்டை ரிசல்ட் பூரா குப்பைக்குப் போச்சு. நமக்காக வாத்து இன்னொரு தடவை முட்டை போடுமா?" என்று கத்தினார் தலைமை ஆய்வாளரான பெரிய மேடம். "போனது நீங்க ரெண்டே பேர். யாரு வேலை இது?"

அவள் மைனரின் தலைமுடியை ஒரு பார்வை பார்த்தாள்.

"நான் இதுவரைக்கும் விதியை மீறினதே இல்ல மேடம்."

அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

மைனர் ஒப்பந்த ஆள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகவில்லை. ஜீப் சாவியை மேஜைமேல் வைத்தான். "வாத்துகிட்ட நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க மேடம்" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு சரியாக வரவில்லை.

அன்று மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்ததுமே மாமியார் பிடித்துக்கொண்டார்.

"கொடியில உன் கந்தல் சட்டை காயுது. எதிர் வீட்டுக்காரி, உங்க மருமகளுக்கு ஆபீஸ்ல சம்பளமே தரதில்லையான்னு கேட்குறா. மானம் போகுது! நான் ஆசையா வாங்கின மழைக்கோட்டு மட்டும் பிரிக்காம கிடக்கு!"

வழக்கமாக அவள், "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது அத்தை" என்று அறைக்குள் போய்விடுவாள். இன்றைக்கு மைனர் மேலிருந்த எரிச்சலில், உட்கார்ந்து முழுக்கதையையும் கொட்டித் தீர்த்தாள்.

மாமியாருக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது.

"என்ன திமிரு பாரேன்! வாத்தைப் பார்க்கப் போறவனுக்கு கிரீம் எதுக்கு? வாத்து என்ன அவனைக் கட்டிக்கவா போகுது? வேணும், நல்லா வேணும்!"

"அதான் அத்தை. அதுக்காகத்தான் நான் மழைக்கோட்டும் போடறதில்ல. தண்ணி ஒட்டாம உருண்டு ஓடணும்னு அதுலயும் அதே மாதிரி ரசாயனத்தைப் பூசியிருப்பாங்க."

மாமியாரின் வாய் பாதியில் நின்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பார்க்காத காட்சி அது.

மாமியார் மெல்ல எழுந்து போனார். அலமாரி அடித்தட்டைத் துழாவி ஒரு டப்பாவை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். துணிமேல் அடித்தால் மழை ஒட்டாது என்று குடை படம் போட்ட ஸ்பிரே.

"கோட்டுதான் போட மாட்டேங்குறியே, சட்டைக்காவது அடிச்சு வைப்போம்னு... முதுகுப் பக்கம் மட்டும் ரெண்டு தரம் அடிச்சேன். நனைஞ்சா உனக்குச் சளி நெஞ்சுல தங்கிடுதேம்மா."

கத்துவதற்காக வாயைத் திறந்தவள், டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல அத்தை?"

"நீ மட்டும் சொன்னியா? புரியாது, புரியாதுன்னே. இப்ப புரிஞ்சுதா இல்லையா?"

அவளுக்கும் புரிந்தது. ஊரெல்லாம் ரசாயனம் தேடியவள், அதைத் தன் முதுகிலேயே சுமந்துகொண்டு போயிருக்கிறாள். பழி மட்டும் வாசனையாக இருந்தவன் தலையில் விழுந்துவிட்டது.

கூடவே பயமும் வந்தது.

"என் சட்டைதான்னு தெரிஞ்சா என் வேலையும் போயிடும் அத்தை. நாளைக்கு யோசிச்சு, பக்குவமா..."

"நாளைக்கு என்ன நாளைக்கு? அதுவரைக்கும் அந்தப் பையனுக்குத் தொண்டையில தண்ணி இறங்குமா? உங்க மேடத்துக்கு போனைப் போடு!"

அவள் தயங்கித் தயங்கி எண்ணை அழுத்தினாள். மணி அடித்ததும் மாமியார் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"வணக்கம்மா. நான் இவளோட மாமியார் பேசறேன். அந்த டிரைவர் பையன் ஒரு தப்பும் பண்ணல. என் மருமகளும் பண்ணல. அந்தக் கண்றாவியை அடிச்சது நான். யாரையாவது வேலையை விட்டுத் தூக்கியே ஆகணும்னா, மாமியார் வேலையிலேர்ந்து என்னைத் தூக்கிடுங்க!"