தொண்ணூறு சதவீத நிழல்

"தொண்ணூறை எடு தங்கச்சி. கண்ணை மூடிக்கிட்டு எடு" என்றார் பல் டாக்டர்.

டெய்லரம்மா கண்ணை மூடவில்லை. மேஜைமேல் கிடந்த மூன்று நிழல்வலைச் சுருளையும், துணி பார்க்கிற பழக்கத்தில், விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். ஐம்பது என்று எழுதியிருந்தது பாதி வெயிலைத் தடுக்கும். எழுபத்தைந்து முக்கால்வாசியை. தொண்ணூறு என்றால் கிட்டத்தட்ட இருட்டுதான்.

"ஆர்க்கிட்டுக்குத் தொண்ணூறா சார்?" என்று கடைக்காரர் ஆரம்பித்தார். "வெளிச்சம் பத்தாம பூ..."

"நீங்க எத்தனை கப் வாங்கியிருக்கீங்க?"

"நான் வலை விக்கிறவன் சார்."

"அப்ப வித்துட்டு சும்மா இருங்க."

கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். அவருடைய கடைவாய்ப்பல் ஒன்று டாக்டரிடம் பாதி வேலையில் நின்றிருந்தது.

டாக்டர் கப் வாங்கியது நிஜம். வருஷா வருஷம் நடக்கிற மலர்க் கண்காட்சியில் ஆர்க்கிட் கோப்பை நாலு வருஷமாக அவருக்குத்தான். பல் பிடுங்க வருகிறவர்கள் வலியோடு சேர்த்து அந்தக் கோப்பையையும் பார்த்துத் தொலைக்க வேண்டும். இந்த வருஷமும் ஜெயித்தால் கோப்பை நிரந்தரமாக அவருக்கே.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு டெய்லரம்மாவும் பத்துத் தொட்டி ஆர்க்கிட் வளர்க்க ஆரம்பித்திருந்தாள். ஆசை ஒன்றே ஒன்று.

"ஒரே ஒரு தடவை மைக்குல என் பேரைச் சொல்லிக் கூப்பிடணும் அண்ணே. இல்லேன்னா ஜிப் பிஞ்சு போச்சுன்னு கூப்பிடறவங்களோடயே என் காலம் போயிடும்."

டாக்டர் மதில் வழியாக ஒருநாள் எட்டிப் பார்த்தார். தண்டு ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன். இவள் வந்தால் கோப்பை போய்விடும் என்று அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டார். அதனால்தான் கிளினிக்கை மூடிவிட்டு, வலை வாங்கித் தருகிறேன் என்று கூடவே வந்திருக்கிறார்.

"ஆமா அண்ணே, உங்க கொல்லையில மெல்லிசா, வானம் தெரியற மாதிரி ஒண்ணுதானே கட்டியிருக்கீங்க?" என்று டெய்லரம்மா கேட்டேவிட்டாள்.

டாக்டர் அவசரமாகத் தொண்ணூறுச் சுருளை அவள் பக்கம் தள்ளினார்.

"அது... அதுவும் தொண்ணூறுதான்மா. வெயில்ல இத்துப்போய் அப்படி ஆயிடுச்சு. மாத்தணும் மாத்தணும்னு பார்க்கறேன், எங்க நேரம்?"

"ஐயோ பாவம்" என்று டெய்லரம்மா நிஜமாகவே வருத்தப்பட்டாள். தொண்ணூறை வெட்டித் தரச் சொன்னாள்.

வீட்டில் டாக்டரின் மனைவி விடவில்லை. "தொண்ணூறுல பூக்குமா?"

"காளான் பூக்கும்."

"வெட்கமா இல்ல? அண்ணே அண்ணேன்னு உயிரை விடறா அவ."

"போட்டின்னு வந்துட்டா அண்ணன் என்ன, தங்கச்சி என்ன? கண்காட்சி முடியட்டும், நானே உண்மையைச் சொல்லிடறேன்."

மறுவாரமே மகளுக்குப் பிரசவம் என்று இருவரும் வெளியூர் கிளம்ப வேண்டியதாயிற்று. நாலு மாசம். செடிக்கு யார் தண்ணி ஊற்றுவது? டாக்டர் கூச்சநாச்சமே இல்லாமல் கொல்லைச் சாவியை டெய்லரம்மாவிடம் நீட்டினார்.

"உன் செடி மாதிரி பார்த்துக்க தங்கச்சி."

"அதைவிட நல்லாவே பார்த்துக்கறேன் அண்ணே. நீங்க போய்ப் பேரப்பிள்ளையைக் கொஞ்சுங்க."

டாக்டர் கொஞ்சிவிட்டு, கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் திரும்பி வந்தார். காரை விட்டு இறங்கும்போதே திக்கென்றது. டெய்லரம்மா வீட்டு மதிலுக்கு மேலே கொத்துக் கொத்தாக ஊதாப் பூ. ஒரு காம்பில் பத்துக்குக் குறையாமல்.

"தொண்ணூறுலயா? நடக்காதே!"

பெட்டியைத் தெருவிலேயே போட்டுவிட்டு, வீட்டைத் திறந்து உள்வழியாகத் தன் கொல்லைக்கு ஓடினார். பட்டப்பகலில் அங்கே மசமசவென்று இருட்டிக் கிடந்தது. தலைக்கு மேலே கெட்டியாக ஒரு புது வலை. இலையெல்லாம் கரும்பச்சையாகத் தொங்கியது. ஒரு தொட்டியில்கூட மொட்டு இல்லை. மூலைத் தொட்டியில் மட்டும் நாலு காளான்.

பின்னாலேயே வந்த மனைவி குனிந்து பார்த்தாள். "சொன்னது பலிச்சிடுச்சு."

டெய்லரம்மா சாவியோடு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "வந்துட்டீங்களா அண்ணே! பேரன் எப்படியிருக்கான்?"

"இதை... இதை யாரு கட்டினது?" ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிறவருக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான்தான் அண்ணே. நேர்ல பார்க்கட்டும்னுதான் போன்ல சொல்லல. ஓரம் மடிச்சு டபுள் தையல் போட்டிருக்கேன். கயிறு கோக்க காஜாகூட எடுத்திருக்கேன், பார்த்தீங்களா?"

"இது உனக்கு வாங்கினதாச்சே!"

"ஆமா. கேக்காம செஞ்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க." டெய்லரம்மா கூச்சத்தோடு சாவியைத் திருகிக்கொண்டே நின்றாள். "எனக்கு நல்லது சொன்ன மனுஷன் செடியை வெயில்ல வாட விட்டுட்டு, புதுசை நான் கட்டிக்க மனசு வருமா? நீங்க இத்துப்போச்சுன்னு சொன்னீங்களே, அந்தப் பழசே எனக்குப் போதும்னு எடுத்துக் கட்டிக்கிட்டேன் அண்ணே."