வாப்பாவை முதலில் அடக்கியது யார்

"என்ட பேர எடுக்கச் சொன்னது நீதானா, ஹிஷாம்?"

தலைக்கவசத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று கேட்டார் குணம். காரைதீவிலிருந்து கல்முனைக்கு மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடப் பயணம். அதைக் கடந்து வர அவருக்கு இருபத்தொரு ஆண்டுகள் சென்றிருந்தன.

"ஓம், நான்தான். வெயிலுக்க நிக்காம உள்ள வா."

ஹிஷாமின் முதற்படம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளிவரவிருந்தது. 'படத்தொகுப்பு: குணம்' என்ற வரியை நீக்கிவிடுமாறு அவர் கொழும்பிலுள்ள வெளியீட்டாளருக்கு எழுதியிருந்தார். மாற்றம் ஏதும் இருந்தால் அன்று மாலை ஐந்து மணிக்குள் அறிவிக்க வேண்டும். அந்தப் படத்துக்குப் பிறகு குணம் கலியாண வீடியோக்களைத்தான் வெட்டி ஒட்டினார். தம் பெயரோடு உலகம் பார்த்த படம் அது ஒன்றே என்பதை அவர் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார்.

ஹிஷாமை உலகம் சர்ரியலிச இயக்குநர் என்றே அறியும். அவருடைய படங்களில் வள்ளம் வயலை உழும். ஒலுவில் கடலுக்குள் தனியே நிற்கும் கதவைத் தட்டிவிட்டு ஒருவர் உள்ளே போவார். இப்படி எட்டுப் படங்கள். எல்லாவற்றுக்கும் வழி திறந்தது வசனமே இல்லாத அந்த முதற்படம். அதில் ஒரு விவசாயி முதற்காட்சியிலேயே மண்ணில் அடக்கப்படுகிறார். பிறகு நரை கறுக்கிறது, கலியாணம் நடக்கிறது, கடைசியில் அவர் தொட்டிலில் கிடக்கிறார். காலத்தையே மடித்துக் காட்டிய கலைஞன் என்று வெளிநாட்டில் எழுதினார்கள், பரிசும் கொடுத்தார்கள்.

ஆனால், ஹிஷாம் எடுக்க நினைத்தது தம் வாப்பாவின் கதையை, தொட்டிலில் தொடங்கி மையவாடியில் அடக்கத்தோடு முடியும் நேரான கதையை. படப்பிடிப்பு முடிந்த கையோடு மஞ்சட்காமாலை ஹிஷாமைப் படுக்கையில் போட்டது. காட்சிகளைச் சித்திரங்களாக வரைந்து, ஒரு நீளத் தாளில் வரிசையாக ஒட்டி, கொழும்பு பஸ்ஸில், அங்கே படத்தொகுப்புக்குக் காத்திருந்த குணத்துக்கு அனுப்பினார். திரைப்பட விழாவுக்கு நாள் நெருங்கியிருந்ததால் படம் நேரே வெளிநாட்டுக்குப் போயிற்று. அதை அவர் முதன்முதலாகப் பார்த்தது விழா அரங்கில்தான்.

"உம்மா பாத்துட்டு என்ன கேட்டா தெரியுமா?" என்றார் ஹிஷாம். "வாப்பாவ ஏன் மகன் முதல்லயே அடக்கின எண்டு கேட்டா. மௌத்தாகும் வரைக்கும் அதத்தான் கேட்டா. அவக்கு நான் என்னத்தச் சொல்ற?"

"நீ ஒட்டி அனுப்பினபடிதான் வெட்டினன். அண்டைக்கும் அதத்தான் சொன்னன், இண்டைக்கும் அதத்தான் சொல்றன்."

"அது பொய்."

"அப்ப பரிசு வாங்கக்குள்ள பொய் எண்டு சொல்லியிருக்கலாமே. சனம் கை தட்டினது அந்த ஒழுங்குக்குத்தானே, மச்சான்."

எழும்பி நின்று கைதட்டும் அரங்குக்கு முன்னால், இது பிழை என்று சொல்லத் தமக்கு வாய் வரவில்லை என்றும், அதன்பின் பணம் போட வந்த எவரும் நேரான கதையொன்றைத் தம்மிடம் கேட்கவே இல்லை என்றும் ஹிஷாம் அடங்கிய குரலில் ஒப்புக்கொண்டார்.

குணம் வெளியே போய், மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த பிளாஸ்டிக் குழாயை அவிழ்த்து வந்தார். அதற்குள் அந்தத் தாள் சுருண்டிருந்தது. அதைத் தரையில் விரித்து, ஹிஷாமின் மனைவி ஸம்ஸியா வைத்துவிட்டுப் போன பிளேன்டீக் கோப்பைகளை இரு முனைகளிலும் பாரமாக வைத்தார். ஒரே வரிசையில் இருபத்திரண்டு பென்சில் சித்திரங்கள். இலக்கம் எதிலும் இல்லை. கதை தெரிந்த கண்ணுக்கு இலக்கம் எதற்கு என்பது ஹிஷாமின் அக்கால எண்ணம்.

"இதப் பாத்தவுடன முதல்ல பயந்திட்டன்" என்றார் குணம். "பிறகு, இவன் பெரிய ஆளாகிட்டான், நமக்குத்தான் விளங்கல்ல எண்டு நினைச்சன். மரியாதைக்கு ஒரு துண்டக்கூட மாத்தல்ல. நீயே பாத்துச் சொல்லு."

ஹிஷாம் கண்ணாடியை மாட்டி, முழந்தாளில் நின்று, ஒவ்வொரு சித்திரமாகப் பார்த்தார். எதுவும் கிழிக்கப்படவில்லை, எதுவும் இடம் மாறவுமில்லை.

"நான் ஒழுங்காத்தான் ஒட்டியிருக்கன்."

"நானும் ஒழுங்காத்தான் வெட்டியிருக்கன்."

இருவரும் மறுபடி தொடங்கினார்கள். வெட்டியவரின் ஆணவம் என்றார் ஒருவர். ஒட்டியவரின் நன்றிகேடு என்றார் மற்றவர். உள்ளேயிருந்து ஸம்ஸியா வந்தார். முப்பது வருடம் கணிதம் கற்பித்தவர். விடை தெரியாத வாக்குவாதத்தைப் பொறுக்கமாட்டார்.

"ரெண்டு பேரும் கதைச்சது காணும். குணம் அண்ணன், நீங்களும்தான். இதுல முதலாவது படம் எது எண்டு ஒண்டா விரல வைங்க, பாப்பம்."

இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.

காரைதீவுப் பாடசாலையில் படித்த குணத்தின் விரல், தாளின் இடது ஓரத்தில் இருந்த மையவாடியில் நின்றது. சினிமாவுக்கு வருமுன் ஏழு ஆண்டுகள் மத்ரஸாவில் அரபுக் கிதாபுகளை வலமிருந்து இடமாக ஓதிப் பழகிய ஹிஷாமின் விரல், வலது ஓரத்தில் இருந்த தொட்டிலில் நின்றது. ஹிஷாம் அந்த விரலை எடுக்காமலே, மற்றக் கையால் கைப்பேசியைத் தேடி எடுத்துக் கொழும்புக்கு அழைத்தார்.